கட்டி முடிப்பதோடு திட்டம் முடிவதில்லை: நகரப் போக்குவரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் தெற்குப் புறநகரில், வெளியூர் பஸ்களுக்கான கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 88 ஏக்கர் பரப்பு, ஏறத்தாழ 394 கோடி ரூபாய் செலவு. கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நள்ளிரவில் திருச்சி பஸ்ஸிலிருந்து குழந்தையும் பையுமாக இறங்குகிறவர் வடசென்னையிலுள்ள பெரம்பூருக்கு எப்படிப் போய்ச் சேருவார்? மின்சார ரயில், முனையத்துக்கு முன்னால் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. திறப்பு நாளில் அங்கே நிலையம் இல்லை. மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் பாடும் லேசாக இல்லை. 2024 பிப்ரவரியில், இரவில் பஸ் கிடைக்காத பயணிகள் சாலையில் உட்கார்ந்து மறியலே செய்தார்கள்.

இங்கே நடந்ததுதான் முதல் தவறு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறும் கூட: வண்டி ஓட்டுகிறவர்களைக் கடைசியில் கூப்பிடுவது. இடம் தேர்வாகி, வரைபடம் முடிந்து, கான்கிரீட் போட்ட பிறகு டிப்போ மேலாளரிடம் போய் "நாளையிலிருந்து இங்கே விடுங்கள்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அவரை முதல் கூட்டத்திலேயே உட்கார வைத்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. ராத்திரி கடைசி வண்டி எத்தனை மணிக்கு? டிரைவரும் கண்டக்டரும் எங்கே ஷிஃப்ட் மாறுவார்கள்? எந்த டிப்போவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் காலி வண்டியாக ஓடி வர வேண்டும்? பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி தாம்பரம் வரை சாலை நின்றுபோனால் உள்ளே நிற்கிற பஸ் எப்படி வெளியேறும்? இவற்றில் சிலவற்றுக்கு விடை இல்லையென்றால் இடத்தையே மறுபடி யோசிக்க வேண்டிவரும். அதனால்தான் முதலிலேயே கேட்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது பணம். கட்டுவதற்குக் கடன் வரும், மானியம் வரும், அடிக்கல் நாட்டு விழாவும் வரும். ஓட்டுவதற்கான டீசல், சம்பளம், உதிரிபாகம் எல்லாம் வருடா வருடம் வருகிற செலவு. அதற்குத் திட்ட அறிக்கையில் ஒரு பத்தி தேறினாலே அதிகம். பத்து வருடத்துக்கு யார், எந்தக் கணக்கிலிருந்து தருவார்கள் என்று எழுதாத அறிக்கையில் கையெழுத்துப் போடவே கூடாது.

சராசரியை நம்புவதும் தவறுதான். ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நிறுத்தத்தில் நிற்பவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பஸ் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் காத்திருப்பு பத்து நிமிடம். முன்னால் வருவது படிக்கட்டு வரை நிரம்பி வழியும், பின்னால் வருவது காற்று வாங்கிக்கொண்டு வரும். வண்டி எண்ணிக்கையும் செலவும் மாறவில்லை, பயணியின் பாடு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. புதுப் பஸ் வாங்குவதற்கு முன்னால், டைம் கீப்பரிடம் ஜி.பி.எஸ். திரையைக் கொடுத்து இடைவெளியைச் சரிசெய்யச் சொன்னாலே பாதிக் குறை தீரும். இந்த வேலைக்கு அடிக்கல்லும் கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது. அதனாலேயே இது திட்டத்துக்குள் நுழைவதில்லை.

கட்டுமான காலத்தை மறந்துவிடுவது இன்னொன்று. கடற்கரை–எழும்பூர் நான்காவது ரயில் பாதைக்காகச் சென்னையின் பறக்கும் ரயில் 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரைக்குப் போகாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. பதினான்கு மாதம் என்பது தற்காலிகம் அல்ல. கல்லூரிப் பிள்ளைக்கு அது ஒரு வருடப் படிப்பு. அந்தக் காலத்துக்கு மாற்று பஸ் எத்தனை நடை (டிரிப்), எந்த நேரத்தில் என்பதும் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். மெட்ரோ பணிக்காகச் சாலை சுருங்கிய இடங்களிலும் இதுவே பொருந்தும். பஸ் மெதுவாகிறபோது பழைய நேர அட்டவணையையே வைத்திருந்தால் டிரைவர் நடையை வெட்டத்தான் வேண்டியிருக்கும்.

கடைசியாக, அதிகாரம் சிதறிக் கிடப்பது. சென்னையில் பஸ் ஒரு கையில், ரயில் இன்னொரு கையில், மெட்ரோ வேறொரு கையில், சிக்னல் காவல்துறையிடம். லண்டனில் 2003 முதல் பஸ், சுரங்க ரயில், சிக்னல் மூன்றும் ஒரே அமைப்பின் கீழ் இருக்கின்றன. இங்கே ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. முதல் கூட்டம் நடந்ததோ 2022 நவம்பரில். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம். மனமார வரவேற்கிறேன். ஆனால் டிக்கெட் ஒன்றானதால் நேரம் ஒன்றாகிவிடாது. கடைசி மெட்ரோ வந்து சேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பே கடைசி பஸ் கிளம்பினால் அந்த டிக்கெட்டால் என்ன பயன்?

118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோ பகுதி பகுதியாகத் திறக்கப்பட இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் எந்தத் தடம் திருப்பிவிடப்படும், பஸ் எங்கே நிற்கும், கடைசி ரயிலுக்கு எந்த வண்டி காத்திருக்கும் என்ற பட்டியலைத் திறப்புத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தந்தப் பகுதி டிப்போ ஊழியர்களும் அதைப் படித்துத் திருத்தம் சொல்ல வழி இருக்க வேண்டும்.