முதல் ஸ்போர்ட்ஸ் பைக்: உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

அக்கா மகன் வேலையில் சேர்ந்த முதல் மாதமே போன் செய்தான். "மாமா, ஆர்15 வாங்கவா, ஆர்சி 390 வாங்கவா?" என்று கேட்டான். "எதில் உட்கார்ந்து பார்த்தாய்?" என்று கேட்டேன். எதிலும் உட்கார்ந்து பார்க்கவில்லை. வீடியோ மட்டும் பார்த்திருக்கிறான். எனக்குப் பழைய வலி நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்துத்தான் ஒரு வண்டி வாங்கினேன். எட்டு மாதத்தில் அதை விற்றுவிட்டேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். வண்டி நல்ல வண்டி. நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தவறு. அவனுக்காக எழுதி வைத்த குறிப்புகளை விரிவாக்கி இங்கே தருகிறேன். கியர் வண்டி ஓட்டத் தெரியும், உரிமம் இருக்கிறது, தினமும் ஸ்ப்ளெண்டரோ ஸ்கூட்டரோ ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஷோரூம் சொல்லும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். கையில் இருக்கும் தொகையில் முதலில் ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், கணுக்கால் மூடும் ஷூ ஆகியவற்றுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டி பாருங்கள். "முதலில் வண்டி, ஜாக்கெட் அடுத்த மாதம்" என்று சொன்னவர்களுக்கு அந்த அடுத்த மாதம் வந்து நான் பார்த்ததில்லை.

ஹெல்மெட் முகம் முழுவதும் மூடுவதாக இருக்கட்டும். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். தாடைப் பட்டையில் இரட்டை வளையம் உள்ளதைத்தான் நான் வாங்குவேன். ஒவ்வொரு முறையும் தலைக்குச் சரியாக இறுக்கிக் கட்ட முடிகிறது. சொடுக்கி மாட்டும் பூட்டு வசதியானதுதான், ஆனால் நாளாக ஆகப் பட்டை தளர்வது தெரிவதே இல்லை. கையுறையில் உள்ளங்கைப் பக்கம் கெட்டியான வழுக்குத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான். நம் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட் போதும்.

படி 2: எஞ்சின்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஸ்ப்ளெண்டரின் திறன் சுமார் 8 குதிரைத்திறன். யமஹா ஆர்15 வி4 சுமார் 18. சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 சுமார் 26. கேடிஎம் ஆர்சி 390 சுமார் 43. எட்டிலிருந்து பதினெட்டுக்குப் போவதே பெரிய தாவல். எட்டிலிருந்து நாற்பத்து மூன்றுக்குப் போகிறவர் ஆக்ஸிலரேட்டரை அரை அங்குலம் தவறாகத் திருப்பினால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

ஐரோப்பிய நாடுகளில் உரிமத்தைப் படிப்படியாகத் தருகிறார்கள். நடுப்படியான ஏ2 உரிமத்தில் 35 கிலோவாட் (சுமார் 47 குதிரைத்திறன்) வரைதான் ஓட்டலாம். நம் நாட்டில் 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கியவர் மறுநாளே 1000 சிசி வண்டியில் ஏறலாம். சட்டம் வைக்காத வரம்பை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் வரம்பு: முதல் வண்டி 150 முதல் 250 சிசிக்குள். நன்றாக ஓட்டிப் பழகியவர்கள் ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வரை போகலாம்.

வரிக்கணக்கும் இதற்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம்.

படி 3: உட்காருங்கள் (நான் தவறிய இடம்)

ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் ஒரே குழாயாக இருக்காது. இரண்டு துண்டுகளாக, முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களை) கவ்விக்கொண்டு தாழ்வாக இருக்கும். கால் வைக்கும் கட்டை பின்னுக்கும் மேலுக்கும் தள்ளியிருக்கும். அதனால் உடல் முன்னால் சாய்கிறது. வேகத்தில் எதிர்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும். மணிக்கு 20 கிலோமீட்டரில் அந்தத் தாங்கல் கிடையாது, பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். கோவையில் காந்திபுரத்திலிருந்து கணபதி வரை அலுவலக நேரத்தில் ஒருமுறை போய் வந்தாலே இது புரிந்துவிடும்.

என் கதை இதுதான். வாங்கி ஒன்பதாம் நாள், சத்தி சாலையில் ஒரு யூ-டர்ன். வலப்பக்கம் முழுவதுமாக ஒடித்தேன். ஸ்ப்ளெண்டர் திரும்பும் இடத்தில் இது திரும்பவில்லை, ஹேண்டில் பாதியிலேயே நின்றுவிட்டது. வலக்கைக் கட்டைவிரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கியது. எதிரே ஒரு டவுன் பஸ். பதற்றத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக் பிடித்தால், நடக்கும் வேகத்தில்கூட வண்டி அந்தப் பக்கமே மடங்கி விழும். விழுந்தது. சீட் உயரம் என்பதால் வலக்கால் தரையைத் தொடுவதற்குள் சாய்வு கைமீறிவிட்டது. பிரேக் லீவர் உடைந்தது, இண்டிகேட்டர் போனது, ஃபேரிங்கில் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) நீளமாக விரிசல் விழுந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து வண்டியைத் தூக்க உதவினார். அந்த உதவியை நான் மறக்கவில்லை.

ஷோரூமில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள்.

தினமும் போடும் ஷூவோடு போங்கள். சைடு ஸ்டாண்டை மடக்கி, வண்டியை நேராக நிறுத்தி உட்காருங்கள். இரண்டு காலின் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் அழுந்த வேண்டும். சீட் உயரத்தை எண்ணாக மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஆர்15 வி4 815 மில்லிமீட்டர், அப்பாச்சி ஆர்ஆர் 310 810, ஜிக்ஸர் எஸ்எஃப் 250 800, கவாஸாகி நிஞ்ஜா 300 780. ஆனால் சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் கால் விரிந்து, எண் சொல்வதைவிட உயரமாகத் தோன்றும். ஒல்லியாக இருந்தால் உயரமான வண்டியிலும் கால் எட்டும்.

அடுத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டும் வரை திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் டேங்கில் இடிக்கிறதா? இடிக்கிறது என்றால், விரலை வைக்கும் விதத்தை மாற்றினால் சரியாகிறதா? பிறகு உட்கார்ந்தபடியே காலால் உந்தி வண்டியைப் பின்னோக்கி நான்கு அடி தள்ளுங்கள். வீட்டு வாசல் சரிவிலிருந்து தினமும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

கடைசியாக, ஓட்டும் நிலையில் சாய்ந்து, முழங்கால்களால் டேங்கைக் கவ்விக்கொண்டு, இரு கைகளையும் கைப்பிடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். (ஷோரூம் ஊழியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும்.) அப்படியே பத்து விநாடி இருக்க முடிந்தால் இடுப்பும் வயிறும் உங்களைத் தாங்குகின்றன என்று பொருள். முன்னால் விழப் பார்த்தால், உங்கள் பாரத்தை மணிக்கட்டுதான் சுமக்கிறது. அந்த வண்டியை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் 30 கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டுபவர், கைப்பிடி சற்று உயர்ந்த ஜிக்ஸர் எஸ்எஃப் போன்ற ஒன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். என் இப்போதைய வண்டி அந்த வகைதான். இரண்டு ஆண்டாக மணிக்கட்டு வலி இல்லை.

யூ-டர்னுக்கு நான் பழகிய முறை: முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். கிளட்ச் பாதிப் பிடியில் இருக்கட்டும், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்துக்கொள்ளுங்கள். பார்வை நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்கட்டும். ஞாயிறு காலை காலி மைதானத்தில் இரண்டு மணி நேரம் பழகினால் கை வந்துவிடும்.

படி 4: ஓட்டிப் பாருங்கள், நெரிசலில்

ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டுவது எதையும் காட்டாது. அரை மணி நேரம் கேளுங்கள், மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள். கோவையில் என்றால் லட்சுமி மில் சந்திப்பு வழியாகப் போய் வாருங்கள். குளிர்விக்கும் விசிறி சுழலத் தொடங்கியதும் சூடு எந்தக் காலில் அடிக்கிறது என்று கவனியுங்கள்.

ஸ்ப்ளெண்டரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. ஆர்15 மேட்டில் இழுக்கவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். அதன் இழுவிசை உச்சத்துக்கு வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 முறை சுழலும்போதுதான். மூன்றாம் கியரில் ஊர்ந்தால் அது முனகத்தான் செய்யும். ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். அந்தச் சத்தத்தோடு நகருக்குள் ஓட்டுவது பிடிக்கவில்லை என்றால் 250 சிசி உங்களுக்கு ஏற்றது.

வீட்டில் யாரைப் பின்னால் ஏற்றுவீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். பின் சீட் உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். என் அம்மா சேலையில் ஒரு பக்கமாக உட்காருபவர். பழைய வண்டியில் ஒருமுறை ஏறிவிட்டு, "நான் பஸ்ஸிலேயே வருகிறேன்பா" என்று இறங்கிவிட்டார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் போங்கள். சாரி கார்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். பின்சக்கரத்தில் துணி சிக்காமல் காப்பது அதுதான்.

படி 5: ஏபிஎஸ்

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும் ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயம். ஆனால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் அந்த விதி நிறைவேறிவிடும். ஜிக்ஸர் எஸ்எஃப் 150-இல் முன் சக்கரத்துக்கு மட்டும். ஆர்15 வி4, ஜிக்ஸர் எஸ்எஃப் 250 இரண்டிலும் இரு சக்கரத்துக்கும் உண்டு. பயந்தவர் காலால் பின் பிரேக்கைத்தான் முதலில் அழுத்துவார், மழைக்காலச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். பணம் இடம் கொடுத்தால் இரு சக்கர ஏபிஎஸ்ஸையே வாங்குங்கள்.

படி 6: காப்பீட்டில் கவனிக்க ஒன்று

புதிய வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம், அதை எப்படியும் கட்டுவீர்கள். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில்தான் கவனம் வேண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கின் வெளிப்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். என் ஃபேரிங்குக்குப் பாதிப் பணம்தான் வந்தது. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்' என்ற கூடுதல் பாதுகாப்பை முதல் இரண்டு ஆண்டாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்தது: பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

இதைப் படித்தவர்களில் பலர் பழைய வண்டி பற்றிக் கேட்டிருந்தார்கள். முதல் வண்டி பழையதாக இருப்பதையே நான் விரும்புவேன், கீழே விழுந்தால் மனம் அவ்வளவு பதறாது. புது ஃபேரிங்கையும் பெயிண்டையும் பார்த்து மயங்காதீர்கள், அவற்றை மாற்றிவிடலாம். ஹேண்டிலை முழுவதும் திருப்பி, ஹேண்டில் வந்து முட்டி நிற்கும் தடுப்பைப் பாருங்கள். அது வண்டியின் சட்டகத்தோடு (ஃப்ரேம்) சேர்ந்தது. நசுங்கியோ, கீறியோ, புதிதாகப் பற்றவைத்தோ இருந்தால் வண்டி பலமாக அடிபட்டிருக்கிறது. அடுத்து முன் ஃபோர்க் குழாயில் விரல் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். நகம் தட்டினால் ஆயில் சீல் விரைவில் கசியும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

இன்னொரு சேர்க்கை: உயரம் குறைந்தவர்களுக்கு

ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள ஒரு வாசகி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தித் தருவதாக ஒரு மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தார். அவசரப்பட வேண்டாம். பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் ஹேண்டில் கனத்துப்போகும். சைடு ஸ்டாண்ட் நீளமாகிவிடுவதால் வண்டி நிமிர்ந்து நின்று, காற்றடித்தால் மறுபக்கம் சாயும். முதலில் கெட்டியான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் போட்டுப் பாருங்கள். பிறகு, நிற்கும்போது சீட்டிலிருந்து சற்று நகர்ந்து இடக்காலை மட்டும் முழுதாக ஊன்றி, வலக்காலைப் பின் பிரேக்கிலேயே வைத்துப் பழகுங்கள். அவர் இரண்டு வாரம் கழித்து எழுதினார்: தாழ்த்தவில்லை, ஒற்றைக் காலில் நிற்கப் பழகிவிட்டாராம், வால்பாறை மலையடிவாரத்தில் உள்ள ஆழியாறு வரை போய் வந்துவிட்டாராம். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை இன்னும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.