சிங்கப்பூர்லேர்ந்து பாத்தாம் ஃபெர்ரி: கிளம்புறதுக்கு முன்னாடி இதை பாத்துட்டு போங்க

ரெண்டு நாள் லீவு கிடைச்சா சிங்கப்பூர்ல இருக்க நம்மாளுங்க முக்காவாசிப் பேர் ஜோகூர் போவாங்க, இல்லன்னா பாத்தாம் போவாங்க. ஜோகூர் பாலத்து க்யூல நின்னு நொந்து போனவங்களுக்குத்தான் இது. பாத்தாம் இந்தோனேசியா, ஃபெர்ரில ஒரு மணி நேரம். ஆனா ஒண்ணு, கடல்ல போற அந்த ஒரு மணி நேரத்துல பெருசா ஒரு பிரச்சினையும் வராது, வர்றதெல்லாம் கரையிலதான்.

முதல்ல டெர்மினல். சிங்கப்பூர்ல ரெண்டு இடத்துலேர்ந்து ஃபெர்ரி போகுது, ஒண்ணு ஹார்பர்ஃப்ரண்ட், இன்னொண்ணு தானா மேரா. லிட்டில் இந்தியா பக்கம் இருக்கவங்களுக்கு ஹார்பர்ஃப்ரண்ட்தான் வசதி, எம்ஆர்டி ரயில்ல ஊதா லைன்ல ஏறி உட்கார்ந்தா கடைசி ஸ்டேஷன். அந்த கட்டடத்தை இடிச்சு கட்டப்போறதா அறிவிச்சிருக்காங்க, அதனால டெர்மினல் எங்கன்னு பழைய ஞாபகத்துல போகாம டிக்கெட்ல என்ன போட்டிருக்கோ அதை பாருங்க. தானா மேரால நான் பண்ண கூத்தை சொல்றேன், தானா மேரா எம்ஆர்டில இறங்கினா அங்கயே ஃபெர்ரி இருக்கும்னு நினைச்சு அப்பா அம்மா, பையன், ரெண்டு பெட்டின்னு எல்லாத்தையும் இழுத்துட்டு வந்து நிக்கிறேன், கடல் கண்ணுலயே படல. அங்கேர்ந்து 35ஆம் நம்பர் பஸ் பிடிக்கணும், இல்லன்னா டாக்ஸி. கவுன்டர் மூட நாலு நிமிஷம் இருக்கப்ப போய் சேந்தோம், அம்மா என்கிட்ட அன்னைக்கு மதியம் வரைக்கும் பேசல.

அந்தப் பக்கமும் பாத்தாம்ல நாலஞ்சு டெர்மினல். பாத்தாம் சென்டர்ல இறங்கினா எதிர்லயே மெகா மால், பாலத்துல நடந்தே போயிடலாம். நாகோயா பக்கம் ஷாப்பிங், சாப்பாடுன்னா ஹார்பர் பே. ரிசார்ட்ல கால நீட்டிட்டு கிடக்கணும்னா நோங்சா, அதுக்குத்தான் தானா மேரால ஏறணும். ஹோட்டலை முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு பக்கத்து டெர்மினலுக்கு டிக்கெட் எடுங்க, மாத்தி எடுத்தா மிச்சம் பிடிச்ச காசு டாக்ஸிக்கே போயிடும்.

டிக்கெட் ரெண்டு வழிக்கும் சேத்து எடுக்கறதுதான் லாபம். பாத்தாம் ஃபாஸ்ட், சிண்டோ, மெஜஸ்டிக், ஹொரைசன்னு கம்பெனிங்க இருக்கு, எந்த கம்பெனில போறீங்களோ அதே கம்பெனில தான் திரும்பி வர முடியும். போட்டிருக்க விலைல டெர்மினல் சார்ஜ், எரிபொருள் சார்ஜ் எல்லாம் சேந்திருக்கான்னு பாத்துக்கங்க. ரிட்டர்ன் நேரம் போடாம ஓப்பனா வச்சிருந்தா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சீட்டு கேட்டுட்டு நிக்கக் கூடாது, போய் இறங்கினதுமே கவுன்டர்ல நேரத்தை போட்டுருங்க. ஜூன், டிசம்பர் ஸ்கூல் லீவுல இது ரொம்ப முக்கியம்.

இப்ப விசா. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு வேணாம். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்க நம்மளுக்கு அங்க போய் இறங்கி விசா வாங்கிக்கலாம், ஆன்லைன்லயும் முன்னாடியே எடுக்கலாம், 30 நாள் விசா, ஒரு ஆளுக்கு 5 லட்சம் ரூப்பியா. கவுன்டர்ல அந்தம்மா நாலு பேருக்கு 20 லட்சம்னு கால்குலேட்டர்ல அடிச்சு காட்டினதும் எங்கப்பா ரெண்டு அடி பின்னாடி போயிட்டாரு, நம்ம சிங்கப்பூர் வெள்ளில, அதாவது டாலர்ல, 160 பக்கம்தான்பான்னு சொன்னப்புறம்தான் மூச்சு வந்துச்சு. ஆனா யோசிச்சு பாருங்க, ஒவ்வொரு தடவை போறப்பவும் திரும்ப கட்டணும், அதனால ஒரே நாள்ல போய்ட்டு வர்றதுக்கு இது கட்டுப்படி ஆகாது, ரெண்டு நாளாவது தங்குங்க. பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லணும். ஆல் இந்தோனேசியான்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம் இருக்கு, போறதுக்கு மூணு நாளுக்குள்ள நிரப்பி க்யூஆர் கோடை போன்ல வச்சுக்கங்க, காசு கிடையாது, காசு கேட்டா அது டுபாக்கூர் சைட்டு.

ஊர்லேர்ந்து வந்த அப்பா அம்மாவை கூட்டிட்டு போறவங்க ஒண்ண மறக்காதீங்க, அவங்க சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க. சிங்கிள்னா பாத்தாம் போனதோட சரி, அதை வச்சு திரும்ப உள்ள வர முடியாது.

கிளம்புற அன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிருங்க, ஆன்லைன்ல டிக்கெட் எடுத்திருந்தாலும் கவுன்டர்ல போர்டிங் பாஸ் வாங்கற மாதிரி இருக்கும், அப்புறம் இமிக்ரேஷன், ஸ்கேனிங். பெரிய கப்பல் கற்பனை எல்லாம் வேணாம், ஏசி பஸ் மாதிரி வரிசையா சீட்டு போட்ட படகு. வாந்தி வர்றவங்க கீழ் தளத்துல நடுவுலயோ பின்னாடியோ உட்காருங்க, முன்னாடி சீட்டுதான் தூக்கி தூக்கி போடும். நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் மழைக் காத்துல கொஞ்சம் ஆடும். வயிறு முட்ட சாப்டுட்டு ஏறாதீங்க. எங்கம்மா கைக்குட்டைக்குள்ள எலுமிச்சம்பழத்தை வச்சு மோந்துகிட்டே வந்தாங்க, பக்கத்து சீட்டு இந்தோனேசிய அக்கா அதை பாத்துட்டு கைய நீட்ட, அதை ரெண்டா கிள்ளி ஆளுக்கு பாதி. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா கன்டெய்னர் கப்பல்களும் எண்ணெய் கப்பல்களும் தெரு மாதிரி நிக்கறத பாக்கலாம், உலகத்துலயே கூட்டமான கடல் வழில ஒண்ணு இது. அந்த ஊர்லயும் கப்பலுக்கு பேரு காப்பால் தான், நம்ம சொல்லு போய் அங்க குடியிருக்கு, போர்டுல படிச்சுட்டு அப்பாவுக்கு ஒரே பெருமை.

நேரத்துல குழம்பாதீங்க. பாத்தாம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. காலைல 9 மணிக்கு ஏறினா அங்க போய் இறங்குறப்பவும் 9 மணி, ஒரு மணி நேரம் ஓசில கிடைச்ச மாதிரி. ஆனா திரும்பி வர்றப்ப அதை புடுங்கிக்குவாங்க, ராத்திரி 9 மணி படகுன்னா சிங்கப்பூர்ல வந்து சேர 11, இமிக்ரேஷன் முடிச்சு கடைசி ரயில பிடிக்கறது சந்தேகம்தான். ரிட்டர்ன் டிக்கெட்ல போட்டிருக்கறது பாத்தாம் நேரம். கடலோரம் இருந்தா போன் சிங்கப்பூர் சிக்னல பிடிச்சு நேரத்தை மாத்தி காட்டும், கைல கட்டுற வாட்ச்ச அங்க போனதும் திருப்பி வச்சுக்கங்க.

இறங்கினதும் டாக்ஸின்னு சுத்தி நிப்பாங்க, சிரிச்சுட்டே நடங்க. போன் ஆப்ல வண்டி கூப்பிடற கிராப், கோஜெக் ரெண்டும் ஓடுது, டெர்மினல் வாசல்ல வண்டி வராது சில சமயம், கொஞ்சம் வெளிய போய் ஏறணும். சைவம் சாப்பிடறவங்க சம்பால், அதாங்க அந்த ஊரு மிளகாய் விழுது, கேட்டுட்டு தொடுங்க, அதுல இறால் விழுது இருக்கும். சோயா பீன்ஸ புளிக்க வச்சு செய்ற தெம்பேவும் சோறும் கைவசம் இருக்கவே இருக்கு.

திரும்பறதுக்கு முன்னாடி எஸ்ஜி அரைவல் கார்டுன்னு சிங்கப்பூருக்கான ஆன்லைன் ஃபார்ம், அதுவும் மூணு நாளுக்குள்ள, அதுவும் இலவசம், சிங்கப்பூர் பாஸ் வச்சிருக்கவங்களும் கடல் வழியா வந்தா போடணும். சிகரெட்டு ஒரு பாக்கெட் கூட வரி இல்லாம உள்ள கொண்டு வர முடியாது, வேப் கிட்டயே போகாதீங்க, சூயிங் கம் வேணாம். மது பாட்டிலுக்கு வரிச் சலுகை வேணும்னா 48 மணி நேரமாவது வெளிய இருந்திருக்கணும், ஒரு ராத்திரி தங்கிட்டு ரெண்டு பாட்டில தூக்கிட்டு வந்து சுங்கத்துல முழிக்காதீங்க. ஆபீஸ்ல குடுக்க லேயர் கேக் வாங்குங்க, ஆனா டப்பாவ பெட்டிக்குள்ள வைக்காம கைலயே பிடிச்சுக்கங்க, எங்களுது மேல எவனோ பெட்டிய வச்சு, திறந்தப்ப லேயரும் இல்ல ஒண்ணும் இல்ல, களியா இருந்துச்சு.