செட்டி ஜகனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

தென் அமெரிக்க நாடான கயானாவின் அரசியல் தலைவர் செட்டி ஜகனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் வென்றார், தோற்றார், மறுபடி வென்றார் என்று அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அதில் வெளியே தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு தேர்தலுக்கும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அப்போதைய தேர்தல் முறை, கிடைத்த இடங்கள், அவர் வகித்த பதவி.

பதவியில்தான் தப்பு அதிகம். அவர் ஒருபோதும் பிரதமராக இருந்ததில்லை. 1961 முதல் 1964 வரை பிரீமியர், அதாவது பிரிட்டிஷ் காலனியின் அரசுத் தலைவர்; பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் கையில் இருந்தன. 1992இல்தான் ஜனாதிபதி. நாடு சுதந்திரம் பெற்ற 1966 மே 26க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு ‘பிரிட்டிஷ் கயானா’ என்றே எழுத வேண்டும்.

பிறப்பு, படிப்புக்கு நாலு வரி போதும். 1918 மார்ச் 22, பெர்பிஸ் பகுதியின் போர்ட் மோரன்ட் கரும்புத் தோட்டம். அமெரிக்காவில் பல் மருத்துவம். பெயரைப் பார்த்துத் தமிழர் என்று எழுதிவிடாதீர்கள், குடும்பத்தின் பூர்வீகம் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி. 1948 ஜூன் 16ஐ மட்டும் விடவே கூடாது. எண்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவருடைய அரசியலுக்கு உரம் ஏறியது அங்கேதான்.

1953இல் 24 இடங்களில் 18ஐ வென்றது அவருடைய மக்கள் முற்போக்குக் கட்சி. 133 நாளில் பிரிட்டன் படையை இறக்கி அரசியலமைப்பையே முடக்கியது. கம்யூனிச அபாயம் என்று லண்டன் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். 1955இல் கட்சியின் இன்னொரு தலைவரான ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் பிரிந்துபோனதை வெறும் இனச் சண்டையாகச் சுருக்க வேண்டாம். இந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்ந்து கட்டிய கட்சி அது.

நிதானமாக எழுத வேண்டிய இடம் 1964. 1961இல் தொகுதி முறையில் 42.6 சதவீத வாக்குக்கு 35இல் 20 இடம் கிடைத்தது. 41 சதவீதம் வாங்கிய பர்ன்ஹாமின் தனிக் கட்சிக்குக் கிடைத்ததோ 11தான். ஜகனுக்குச் சாதகமான இந்தக் கணக்கை மறைக்காதீர்கள். மறைத்தால் அடுத்து எழுதுவதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு அமெரிக்க நெருக்குதலோடு பிரிட்டன், வாக்குச் சதவீதத்துக்கு ஏற்ப இடங்களைப் பிரிக்கும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1964இல் அவருடைய வாக்கு 45.8 சதவீதமாகக் கூடியும் 53இல் 24 இடம்தான். பர்ன்ஹாமின் 22ம் ஐக்கியப் படைக் கட்சியின் 7ம் சேர்ந்து 29 ஆக, ஆட்சி கைமாறியது. இரண்டு தேர்தலின் எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அட்டவணையில் போடுங்கள். “மக்கள் அவரை நிராகரித்தார்கள்” என்ற வாசகம் அப்புறம் எழுதவே வராது.

அடுத்த 28 ஆண்டு எதிர்க்கட்சி வாழ்க்கையை ஒரு வரியில் தாண்டாதீர்கள். 1968 முதல் நடந்த தேர்தல் முறைகேடுகளைச் சொன்னால்தான், 1992 அக்டோபர் 5 தேர்தலுக்கு முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தலைமையில் பார்வையாளர்கள் ஏன் வந்தார்கள் என்பது விளங்கும். 1997 மார்ச் 6, பதவியில் இருக்கும்போதே வாஷிங்டனில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதியான அவருடைய மனைவி ஜேனட்டுக்குத் தனிக் குறிப்பே எழுதுங்கள்; கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.