ரஃப் யூஸ் செல் கவர்: காசு கொடுக்குமுன் கடை மேசையிலேயே பார்த்துவிட வேண்டியவை

நடவு வயலில் விழுந்த போனுக்கு டிஸ்ப்ளே உடைவது அபூர்வம். சேறு மெத்தை மாதிரி தாங்கிக்கொள்ளும். டிஸ்ப்ளே போவதெல்லாம் வரப்பேறி வந்த பிறகுதான்: நெல் காயப்போடும் சிமெண்டுக் களம், திண்ணைப் படி, வேகத்தடையில் குதிக்கும் பைக். வயலுக்குள் போனைக் கொல்வது தண்ணீர். அதைவிட மோசம், தண்ணீரோடு சேர்ந்து சார்ஜர் ஓட்டைக்குள் போய் இறுகிக்கொள்ளும் களி. 'ரஃப் யூஸ்' என்று கடைக்காரர் எடுத்துப் போடும் தடித்த கவர் சிமெண்டு மாதிரிக் கெட்டித் தரையில் விழும் ஆபத்துக்கு மட்டும் செய்தது. உங்கள் போன் அதிகம் சேற்றில் விழுகிறதா, சிமெண்டில் விழுகிறதா என்று முதலில் யோசியுங்கள். சேறு என்றால் பாதிக் காசைக் கழுத்துக் கயிற்றுக்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்கும் ஒதுக்கிவிடலாம்.

தடிப்பு வேறு, தாங்குவது வேறு

சட்டைப்பை உயரம் சுமார் 4 அடி, அதாவது 1.2 மீட்டர். அங்கிருந்து நழுவும் போன் மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. அந்த வேகம் எத்தனை மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கவர் 1 மி.மீ. நசுங்கினால் போனின் மேல் விழும் அடி அதன் எடையைப்போலச் சுமார் 1200 மடங்கு. 4 மி.மீ. நசுங்கினால் 300 மடங்கு. நசுங்கும் தூரம் இரட்டித்தால் அடி பாதியாகிறது, அவ்வளவுதான் கணக்கு. கல் மாதிரி இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கவர் எவ்வளவு தடித்திருந்தாலும் அடியை அப்படியே உள்ளே கடத்திவிடும் என்பது இதிலிருந்தே தெரியும்.

போன் பெரும்பாலும் மூலையில்தான் விழும். அதனால் கவரைக் கையில் வாங்கியதும் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்க வேண்டும், விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். உள்பக்கம் திருப்பினால் மூலையில் சிறு குழிகளோ வரிவரியான மேடுகளோ தெரிய வேண்டும். நசுங்க இடம் கொடுப்பது அந்த வெற்றிடம்தான். வெளியே மட்டும் மூலை புடைத்து, உள்ளே வழுவழுவென்று இருந்தால் அது வெறும் அலங்காரம்.

உள்ளே ரப்பர் மாதிரி வளையும் மெத்தென்ற டி.பி.யு. பிளாஸ்டிக், வெளியே கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்று இரண்டு அடுக்காக வருபவற்றில் முதலில் போவது வெளிக்கூட்டின் கொக்கிகள். கடையிலேயே மூன்று முறை கழற்றி மாட்டுங்கள். மூன்றாவது முறையில் 'டிக்' சத்தம் மெலிந்தால் அதை வைத்துவிடுங்கள்.

இரண்டு ஏ.டி.எம். கார்டு, ஒரு ஸ்கேல்

கண்ணாடியைக் காப்பது முதுகுத் தடிப்பு அல்ல. திரையைச் சுற்றி எழும்பி நிற்கும் உதடுதான் காக்கிறது. அதை அளக்க ஏ.டி.எம். கார்டு போதும், ஒரு கார்டின் தடிப்பு 0.76 மி.மீ. என்பது உலகம் முழுக்க ஒரே அளவு. புடைத்த (எம்போஸ்) எழுத்து இல்லாத இரண்டு கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையின் நடுவில் வையுங்கள். அவற்றுக்கு மேலே ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்காக, இரண்டு பக்க உதட்டிலும் படும்படி வையுங்கள். ஸ்கேல் கார்டில் இடிக்காமல் உதட்டில் உட்கார்ந்தால் உதடு ஒன்றரை மி.மீ. இருக்கிறது, நல்ல கவர். ஒரு கார்டுக்கு மட்டும் இடம் இருந்தால் சமதரைக்குப் பரவாயில்லை, சரளைக்கல்லுக்குத் தாங்காது. ஒரு கார்டே இடித்தால் அது பேருக்குத்தான் ரஃப் யூஸ்.

இதை டெம்பர் கிளாஸ் ஒட்டிய பிறகே செய்ய வேண்டும். டெம்பர் பசையோடு சேர்த்து 0.4 மி.மீ. அளவுக்கு உதட்டின் உயரத்தைத் தின்றுவிடும். புதுப் போனில் நன்றாக இருந்த கவர் டெம்பர் ஒட்டியதும் பல்லை இளிப்பது இதனால்தான்.

திரை இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் போன் என்றால் ஒரு எச்சரிக்கை. வளைவு தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்க உதட்டைத் தாழ்த்தியே செய்கிறார்கள், மூலைகள் மட்டும் உயர்ந்து நிற்கும். பக்கவாட்டில் ஒரு ஜல்லியின் மேல் விழுந்தால் எந்த விலைக் கவரும் உதவாது.

கேமரா பக்கமும் அதே ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், லென்ஸில் படக்கூடாது. பிறகு கடை மேசைக்கு அடியில் இருட்டில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். வெள்ளையாய்ப் புகை படிந்த மாதிரி வந்தால் கவரின் ஓட்டை விளிம்பு ஃபிளாஷ் வெளிச்சத்தை லென்ஸுக்குள் திருப்புகிறது என்று அர்த்தம்.

மிச்சம் சில்லறைச் சோதனைகள். சார்ஜர் வயரை வீட்டிலிருந்து எடுத்துப்போங்கள், தலை தடித்த வயர் ஆழமான ஓட்டைக்குள் பாதிதான் நுழையும். ஸ்பீக்கரில் போட்டு ஒருவரைக் கூப்பிட்டு, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று கேளுங்கள், பல போன்களில் மேல் விளிம்பிலும் ஒரு மைக் இருக்கிறது, அதை மூடிவிடும் கவர்கள் உண்டு. பக்கவாட்டுப் பொத்தானில் கைரேகை வைக்கும் போன் என்றால் பள்ளம் ஆழமாக இருக்கிறதா பாருங்கள், உழைத்துக் காய்ப்பேறிய விரல் உள்ளே போய்ப் படாது.

அட்டையில் அச்சடித்திருப்பது

'மில்லிட்டரி கிரேடு' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் எம்.ஐ.எல்.-எஸ்.டி.டி.-810 என்ற சோதனை முறைத் தொகுப்பு. 2008இல் வந்த 'ஜி' பதிப்பும் 2019இல் வந்த 'ஹெச்' பதிப்பும்தான் அட்டைகளில் அதிகம் தென்படும். அதில் உள்ள விழும் சோதனை 26 முறை: 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை. உயரம் 122 செ.மீ. விழும் இடம் கான்கிரீட்டின் மேல் போட்ட 2 அங்குல ஒட்டுப்பலகை, வெறும் சிமெண்டு அல்ல. 26 அடியையும் ஒரே போன் வாங்க வேண்டும் என்றும் இல்லை, ஐந்து போன்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். முக்கியமாக, இதற்குச் சான்றிதழ் கொடுக்கும் அரசு அமைப்பு எதுவும் கிடையாது. செய்தவரே சோதித்து அவரே எழுதிக்கொள்வதுதான் வழக்கம். எத்தனை அடி உயரம், எந்தச் சோதனை முறை எண் என்று விவரம் எழுதியிருந்தால் கொஞ்சம் நம்பலாம். வெறும் கேடயப் படமும் 'மில்லிட்டரி' என்ற சொல்லும் என்றால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி68 போன்ற எண் போனுக்கு உரியது. சாதாரண பேக் கவரின் அட்டையில் அது இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். போனுக்கே அது நல்ல தண்ணீரில் செய்த சோதனை, நாகப்பட்டினம் கடல் தண்ணீருக்கும் வேதாரண்யம் உப்பளத்துக்கும் பொருந்தாது. டிஸ்ப்ளே மாற்றிய போனில், சுற்றிலும் உள்ள ஒட்டுநாடாவைப் புதிதாகப் போடாவிட்டால் அந்தக் காப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பின் இரண்டும் மூடி, 'தண்ணீர் புகாது' என்று விற்கும் பெட்டிக் கவர்களைப் போன் இல்லாமல் சோதியுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல் வைத்து அரை மணி அமுக்குங்கள். எடுத்து வெளியே துடைத்த பிறகு திறந்து பாருங்கள். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். தேறினால்கூட இதை மாதம் ஒரு முறை செய்ய வேண்டும், சார்ஜர் ஓட்டையின் ரப்பர் மூடிதான் முதலில் தளரும்.

சுணை, களி, மருந்து, வெயில்

அறுவடை மெஷின் ஓடும் நாளில் நெல் சுணையும் தூசும் கவருக்குள் போய்த் தங்கும். வண்டல் களி காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி. கவர் இறுக்கமாக இருந்தால் அது உள்ளேயே தேய்த்துப் போனின் முதுகைக் கீறிவிடும். குறுவை, சம்பா அறுப்புக் காலங்களில் வாரம் ஒரு முறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கவரை மட்டும் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கழற்ற நகம் உடையும் கவரை யாரும் வாரம் ஒரு முறை கழற்றப் போவதில்லை. அதையும் கடையிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்துப் பாட்டிலில் இ.சி. என்று போட்டிருந்தால் அதில் கரைப்பான் கலந்திருக்கிறது. பாலிகார்பனேட்டில் அது பட்டால் முடியிழை போல வெடிப்பு விடும், பெட்ரோலும் அப்படித்தான். சிலிகான் கவர் டீசலில் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். மருந்தடிப்பவர், மோட்டார் பார்ப்பவருக்கு மெத்தென்ற டி.பி.யு. தான் ஓரளவு நிற்கும்.

சித்திரை வெயிலில் தடித்த கவர் போனுக்குப் போர்வை. பல போன்களின் கையேட்டில் சுற்றுச்சூழல் வெப்பம் 35 டிகிரி வரைதான் என்று இருக்கிறது, இங்கே அது பங்குனியிலேயே தாண்டும். சார்ஜ் ஏறுவது பாதியில் நின்றாலோ திரை தானாக மங்கினாலோ கவரைக் கழற்றி நிழலில் வையுங்கள். பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டுபவர்கள் கவரை நம்ப வேண்டாம். பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு கேமராவின் ஆட்டம் தடுக்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அடி வேறு, அதிர்வு வேறு.

எவ்வளவு கொடுக்கலாம்

கவர் விலையைக் கேட்பதற்கு முன் சர்வீஸ் கடையில் உங்கள் மாடலின் டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு வரை கவருக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் கணக்கு. டிஸ்ப்ளே 2,000 ரூபாய் என்றால் உதடு சரியாக உள்ள 200 ரூபாய் டி.பி.யு. கவரும் ஒரு டெம்பரும் போதும். டிஸ்ப்ளே 12,000 என்றால் 1,200 ரூபாய்க் கவர் வீண் செலவு அல்ல. எந்த விலையானாலும் கயிறு மாட்டும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். நாற்றுக் கட்டு எடுக்கக் குனியும்போது சட்டைப்பையிலிருந்து நழுவும் போனுக்கு அந்த ஓட்டை தருகிற காவலை நான்கு மூலையும் சேர்ந்து தராது.

மீறி வாய்க்காலில் விழுந்துவிட்டால் முதல் வேலை கவரைக் கழற்றுவது, இடுக்கில் தேங்கிய தண்ணீர் மணிக்கணக்கில் உள்ளேயே நிற்கும். சார்ஜர் ஓட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குப் பஞ்சமில்லாத ஊர்தான், ஆனாலும் அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம். நொய்யும் மாவும் அதே ஓட்டைக்குள் போய் ஈரத்தோடு கட்டிக்கொள்ளும்.