"கையைப் பிடித்தானா?" என்று கேட்டால்

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போகும் என் தங்கையை ஒருவன் விடாமல் பின்தொடர்ந்தான். புகார் கொடுக்கப் போனால், "கையைப் பிடித்தானா? இல்லையே! கூப்பிட்டு எச்சரித்து எழுதி வாங்கிக்கொள்கிறோம்" என்றார்கள்.

தொட்டால்தான் குற்றம் என்று சட்டத்தில் இல்லை. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயன்றாலே போதும். பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு அது. 2024 ஜூலைக்கு முன் இ.பி.கோ. 354டி.

அதனால் மனுவை மாற்றி எழுதினோம். "தொல்லை தருகிறான்" என்ற மொட்டை வாக்கியம் போச்சு. எந்தத் தேதி, எந்த பஸ், என்ன பேசினான் என்று வரிசையாகப் போட்டோம். "என் பின்னால் வராதே" என்று தங்கை அனுப்பிய வாட்ஸ்அப், அதற்கப்புறமும் அவன் அனுப்பியவை, எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட். அவளுடைய அந்த ஒரு வரிதான் கேஸுக்கே உயிர்.

அப்போதும் வழக்கு பதியாமல், புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிக்கப் பார்த்தார்கள். சரி என்று, ஸ்டேஷனில் வழக்கு பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம் என்று சொல்லும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-ஐக் குறிப்பிட்டு மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். வழக்கு பதிவானது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், ஜெராக்ஸ் செலவு என்று யாராவது இழுத்தால் கொடுக்காதீர்கள்.