பிள்ளை பார்ப்பவரை முன்னதாக அனுப்பினால் கூலியைக் கணக்கிடுவது எப்படி?

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவரை மாலை ஆறு மணிக்கு முன்பே நீங்களாக அனுப்பிவைத்தால், அன்றைய கூலியை முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். சம்பா நடவு நேரத்தில் திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து கும்பகோணத்துக்குக் காலையில் டவுன் பஸ் ஏறி வருபவர், பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பிப்போய் எந்த வயலிலும் இறங்கிக் கூலி பார்க்க முடியாது. நடவுக்கு ஆட்களைக் காலையிலேயே சேர்த்துவிடுவார்கள். அவருடைய அந்த நாள் உங்கள் வீட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது.

வேலைக்குச் சேர்க்கும்போதே நேரம், சம்பளம், விடுமுறை ஆகியவற்றைப் பேசித் தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10,400 ரூபாய், 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மணிக்கு 50 ரூபாய் ஆகிறது. மூன்று மணி நேரத்துக்குப் பிடித்தம் செய்து நீங்கள் மிச்சம் பிடிப்பது 150 ரூபாய்தான். அவர் வீட்டில் அந்தத் தொகை குறைந்தால் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டிவரும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பயந்து அனுப்பும் நாள்களுக்கும் இதுவே பொருந்தும். அவரே சொந்த வேலையாகக் கிளம்பினால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளலாம். நீங்களாக அனுப்பியதால் விட்டுப்போன நேரத்தை இன்னொரு நாள் கூடுதலாக இருந்து ஈடுகட்டச் சொல்வது மட்டும் நியாயமில்லை.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007-இல் அமைக்கப்பட்டது. அதில் அவர் பதிவு செய்துகொள்ளவும் உதவுங்கள்.