கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, கேம் மட்டும் திணறுகிறது: ப்ராசஸர் பாட்டில்நெக்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

கேமில் சுரங்கப்பாதைக்குள் ஓடும்போது நொடிக்கு 110 ஃப்ரேம், அதாவது 110 படம். வெளியே வந்து, ஆட்கள் நிறைந்த சந்தைக்குள் நுழைந்ததுமே 48. கேமராவைத் திருப்பினால் படம் வெட்டி வெட்டி நகர்ந்தது. கிராபிக்ஸ் செட்டிங்ஸை அல்ட்ராவிலிருந்து லோவுக்கு இறக்கிப் பார்த்தேன். 51.

கார்டுதான் போதவில்லை என்று முடிவுகட்டி, சேர்த்து வைத்திருந்த பணத்தில் புது கார்டு வாங்கிப் போட்டேன். சுரங்கப்பாதையில் 160 வந்தது. சந்தையில் அதே 50. இரண்டு வாரம் கழித்துத்தான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. கணினியின் பாகங்களைப் பொருத்தித் தந்தவர் இரண்டு ரேம் ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருந்தார். ஒன்றைக் கழற்றி வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன், கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸில் ஒரு ஆப்ஷனை ஆன் செய்தேன். சந்தையில் 64 வந்தது. இதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை.

முதலில் அளந்து பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அதனால் இந்த விளக்கம் அளப்பதிலிருந்து தொடங்குகிறது.

எதனால் இப்படி ஆகிறது?

ஒவ்வொரு ஃப்ரேமும் திரைக்கு வருமுன் இரண்டு கை மாறுகிறது. முதலில் ப்ராசஸர். நீங்கள் அழுத்திய பட்டன், சந்தையில் நடக்கும் ஒவ்வொருவரும் அடுத்து எங்கே கால் வைக்க வேண்டும், எது எதில் மோதுகிறது என்று எல்லாவற்றையும் கணக்கிட்டு, 'இதையெல்லாம் வரை' என்ற கட்டளைப் பட்டியலைத் தயாரிப்பது அதன் வேலை. அந்தப் பட்டியலை வாங்கி வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை.

நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட். ப்ராசஸர் தன் பங்குக்கே 20 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் 50 ஃப்ரேமைத் தாண்ட வழியே இல்லை, எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் சரி. இப்படி ஒன்று மெதுவாகி மற்றதையும் காக்க வைப்பதைத்தான் பாட்டில்நெக் என்கிறோம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

படி 1: அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் நிறுவுங்கள். கார்டு எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் இது வேலை செய்யும். திரையின் மூலையில் மூன்று விஷயங்கள் தெரியும்படி வையுங்கள்: ஃப்ரேம் எண்ணிக்கை, ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம்), ஜிபியு யூசேஜ் (கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பது).

கேமுக்குள் போய் வி-சிங்க்கையும் (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) ஃப்ரேம் லிமிட்டையும் ஆஃப் செய்யுங்கள். இதை மறந்தால் கணக்கே தப்பிப்போகும். 60-இல் பூட்டி வைத்திருக்கும்போது கார்டு பாதி வேலைதான் செய்யும், நீங்கள் அதைப் பாட்டில்நெக் என்று நினைத்துவிடுவீர்கள்.

கேம் அதிகம் திணறும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே சேவ் செய்துகொள்ளுங்கள். அதே சேவ், அதே பாதை, ஒரு நிமிடம் நடங்கள். வந்த எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். இனி எந்த மாற்றம் செய்தாலும் இதே நடை.

ஜிபியு யூசேஜ் 95-க்கு மேலேயே நின்றால் உங்கள் கார்டுதான் முட்டி நிற்கிறது. கீழே சொல்லும் வேலைகளில் பெரிய பலன் கிடைக்காது, ரெசல்யூஷனையோ கிராபிக்ஸ் செட்டிங்ஸையோ குறைப்பதே வழி. 80-க்குக் கீழே இறங்கி, ஃப்ரேமும் குறைவாக இருந்தால் ப்ராசஸர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

இங்கே ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜரில் சிபியு, அதாவது ப்ராசஸர், 35 சதவீதம்தான் காட்டுகிறது, அப்புறம் எப்படி அது பாட்டில்நெக் ஆகும் என்று கேட்பார்கள். 8 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒரே ஒரு த்ரெட்டில் நடக்கிறது. அது மூச்சு முட்டினால் மற்ற 15-ம் பெரும்பாலும் சும்மா காத்திருக்கும். போதாததற்கு விண்டோஸ் அந்த வேலையைக் கோர் மாற்றிக் கோர் மாற்றிக் கொடுப்பதால் தனித்தனி கிராஃபிலும் எதுவுமே 100 தொடாமல் போகலாம். அதனால் சிபியு சதவீதத்தை நம்பாதீர்கள், ஜிபியு சதவீதத்தைப் பாருங்கள்.

படி 2: ரெசல்யூஷன் சோதனை

1920×1080-இல் விளையாடுகிறீர்கள் என்றால் 1280×720-க்கு மாற்றி அதே நடையை நடந்து பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடுகின்றன. ஃப்ரேம் நன்றாக ஏறினால் குறை கார்டில். அசையாமல் அங்கேயே நின்றால் ப்ராசஸர் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். எனக்கு 50, 51-க்கு மேல் நகரவில்லை.

படி 3: ரேம்

காசு செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான், ஆனால் இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ப்ராசஸருக்குள் இருக்கும் கேஷ் மெமரி சிறியது. கேம் உலகத்தின் தகவல் முழுவதும் அதில் அடங்காது. ஒவ்வொரு முறையும் ரேமுக்குப் போய் எடுத்து வர வேண்டும், அதுவரை கோர் காத்திருக்கும். கேஷ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022-இல் வந்த ஏஎம்டி ரைசன் 5800எக்ஸ்3டி நல்ல சாட்சி. 5800எக்ஸைப் போலவே 8 கோர், வேகம்கூடச் சற்றுக் குறைவு. ஆனால் எல்3 கேஷ் மட்டும் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. கேம்களில் அது தன் அண்ணனைத் தெளிவாக முந்தியது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்துங்கள். எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, ஸ்பீடு எவ்வளவு என்று தெரியும். ஒரே ஒரு ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல், அதாவது தகவல் ஒரே பாதையில் மட்டும் போய்வருகிறது. அதே மாதிரி இன்னொன்று சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டு ஸ்டிக் இருந்தால் பெட்டியைத் திறந்து இடத்தைப் பாருங்கள், தவறான ஸ்லாட்டில் இருந்தால் இரண்டும் ஒரே பாதையைத்தான் பயன்படுத்தும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் 2-ஆவதும் 4-ஆவதும்தான் சரியான ஜோடி. உங்கள் போர்டின் கையேட்டில் படத்தோடு இருக்கும், அதையே பின்பற்றுங்கள். கழற்றுமுன் பவர் கேபிளை உருவிவிட்டு, கையைப் பெட்டியின் உலோகப் பகுதியில் ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். செருகும்போது 'க்ளிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும்.

அடுத்தது ஸ்பீடு. டப்பாவில் 3200 என்று போட்டிருக்கும், டாஸ்க் மேனேஜரில் 2133 அல்லது 2400 என்று காட்டும். ரேம் பழுதில்லை, டப்பாவில் போட்ட வேகத்தைப் பயோஸில் யாரும் ஆன் செய்யவில்லை, அவ்வளவுதான். கணினி தொடங்கும்போது டெலீட் கீயை (சில கணினிகளில் வேறு கீ) அழுத்திப் பயோஸுக்குள் போய், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ஆப்ஷனை ஆன் செய்து சேவ் செய்யுங்கள். அரிதாக, அதன்பின் கணினி தொடங்காமல் அடம்பிடிக்கும். பயப்பட வேண்டாம், கையேட்டில் சொன்னபடி சிமாஸை (பயோஸ் செட்டிங்ஸ் சேமிக்கப்படும் இடம்) க்ளியர் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். சிபியு-இசட் மென்பொருளில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது பாதி எண்ணைக் காட்டும். 1600 என்றால் 3200 என்று பொருள்.

படி 4: சூடு, பவர், பின்னணி

ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ப்ராசஸரின் வெப்பத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 10 நிமிடம் விளையாடியபின் வெப்பம் 100 டிகிரியை நெருங்கி, வேகம் படிப்படியாக இறங்கினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாகிறது. தூசியைத் துடையுங்கள், பழைய தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். வெப்பம் ஏறினாலும் வேகம் இறங்காவிட்டால் ஃப்ரேம் குறைவதற்கு அது காரணமில்லை.

லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்க வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் மோடை 'பெஸ்ட் பர்ஃபாமன்ஸ்' ஆக்குங்கள். இருபது டேப் திறந்த பிரவுசர், பின்னணியில் ஓடும் ரெக்கார்டிங், கேமுக்கு மேல் மிதக்கும் தேவையில்லாத ஓவர்லே ஆகியவற்றை மூடுங்கள். 'ஒரே க்ளிக்கில் கேமை வேகமாக்கும்' மென்பொருள்கள் எதுவும் வேண்டாம்.

படி 5: கேமுக்குள் எதைக் குறைப்பது?

எல்லாவற்றையும் லோவுக்கு இறக்குவது வீண். ப்ராசஸரைச் சுமக்க வைப்பவை சில மட்டுமே: கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் வரை பொருட்கள் தெரிகின்றன என்பது, இயற்பியல் விளைவுகள், ஓரளவுக்கு நிழல்கள். சைபர்பங்க் 2077-இல் 'க்ரவுட் டென்சிட்டி' என்று தனி ஆப்ஷனே உண்டு. அதை ஒரு படி இறக்கிவிட்டுத் தெருவில் நடந்து பாருங்கள். ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங்கும் ப்ராசஸருக்குக் கூடுதல் வேலை வைக்கிறது. அது கார்டின் சமாசாரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்), ஆன்டி-அலையாசிங் (ஓரங்களை வழுவழுப்பாக்குவது) இரண்டையும் தொட வேண்டாம். ப்ராசஸருக்கு அவை பெரிதாகத் தெரியாது. சொல்லப்போனால் கார்டுதான் சும்மா இருக்கிறதே, அவற்றை ஏற்றிக்கொள்ளலாம்!

படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் இங்கே உதவாது. அவை கார்டின் சுமையைத்தான் குறைக்கின்றன. உங்கள் சிக்கல் அங்கே இல்லை. ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு வகை. கார்டே இடைப்பட்ட ஃப்ரேம்களை உண்டாக்குவதால் ப்ராசஸரைக் கேட்காமலே எண்ணிக்கை கூடும். ஆனால் மவுஸை நகர்த்தும்போது கையில் உணரும் வேகம் கூடாது. அடிப்படையில் 60 அளவுக்கு வருகிறவர்களுக்கு அது நன்றாக இருக்கும், 30-இல் தவிப்பவர்களுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் கட்டுப்பாடு மந்தமாகவே இருக்கும்.

கேம் கார்டுக்குக் கட்டளை அனுப்பும் முறையில் டைரக்ட்எக்ஸ் 11, 12 அல்லது வல்கன் என்று தேர்வு இருந்தால் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். 12-உம் வல்கனும் கட்டளைகளைப் பல த்ரெட்டுகளுக்குப் பிரித்துத் தர வழி செய்கின்றன. அதைக் கேம் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது பலன்.

படி 6: ஃப்ரேமைப் பூட்டுங்கள்

50-க்கும் 75-க்கும் இடையே ஊசலாடுவதைவிட, 50-இல் அசையாமல் நிற்பது கண்ணுக்கு இதமானது. ரிவாட்யூனரில் 'ஃப்ரேம்ரேட் லிமிட்' என்ற இடத்தில் 50 என்று போடுங்கள். ஃப்ரேம்டைம் கோடு மலைத்தொடர் போல இருந்தது, 20 மில்லிசெகண்டில் நேர்கோடாக மாறுவதைப் பார்ப்பீர்கள். குறைந்த எண்ணுக்குப் பூட்டச் சொல்கிறேனே என்று தயங்காதீர்கள், ஒருமுறை விளையாடிப் பாருங்கள்.

இன்னும் போதவில்லை என்றால்

விண்டோஸ் 11-இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தால் சில கணினிகளில் கொஞ்சம் ஃப்ரேம் கூடும். மைக்ரோசாஃப்டே இந்த வழியைச் சொல்லியிருக்கிறது, விளையாடி முடித்ததும் திரும்ப ஆன் செய்யவும் சொல்கிறது. பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் இந்த வேலையை நான் செய்வதில்லை. வங்கி வேலையும் அதே கணினியில் பார்க்கிறவர்களுக்கு நிச்சயம் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியில்தான் புது ப்ராசஸர். மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடலுக்கு எந்தெந்த ப்ராசஸர் பொருந்தும் என்ற பட்டியல் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் பொருந்தும் இடம்) போர்டு வைத்திருப்பவர்களில் பலர் பயோஸை மட்டும் புதுப்பித்து, மேலே சொன்ன 5800எக்ஸ்3டி வரை போக முடிந்தது. பயோஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் அதன் ரெகவரி கீயை முன்பே வேறு இடத்தில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணினியே உங்களை உள்ளே விடாது.

இன்னொன்று: பயோஸ் புதுப்பித்ததும் எக்ஸ்எம்பி பெரும்பாலும் தானாக ஆஃப் ஆகிவிடும். புது ப்ராசஸரைப் போட்டு மூடியைத் திருகுமுன் அதைத் திரும்ப ஆன் செய்யுங்கள். பிறகு பழைய சேவைத் திறந்து, அதே சந்தையில் அதே ஒரு நிமிடம் நடந்து, தாளில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.